கழிவுநீர்க் கசடு கம்போஸ்ட்: பூச்செடிக்கு ஓகே, கேரட்டுக்கு வேண்டாம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சுகிற கசடை மரச்சில்லோடு கலந்து, மக்கவைத்து, மூட்டை கட்டி விற்கிறார்களே, அதைத்தான் வாங்கினேன். "கிருமிகள் முற்றிலும் அற்றது" என்று மூட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கம்போஸ்ட்டை மக்கவைப்பதே கிருமிகள்தான்; நோய்க்கிருமி இல்லை என்று சொல்ல வந்திருப்பார்கள், சரி, விடுங்கள்.

பிரித்தால் நாற்றமில்லை. கரும்பழுப்பு நிறம், மண் வாசனை, அங்கங்கே மக்காத மரச்சில்லு, இரண்டொரு பிளாஸ்டிக் துணுக்கு. ஆனால் இந்த விஷயத்தில் மூக்கை நம்பக் கூடாது, வாசனை நன்றாக இருக்கிற உரத்திலும் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அதனால் விற்பவர்களிடம் வெப்பநிலைப் பதிவைக் கேட்டேன். தட்டிக்கழிக்காமல் அனுப்பினார்கள், இதற்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

அடியிலிருந்து காற்று செலுத்தும் குவியல் முறை. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் 3 நாளைத் தாண்டியும் சூடு நின்றிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் கொண்டுவந்த விதி கேட்பதும் அந்த அளவுதான். (நீள வரிசையாகக் கொட்டிப் புரட்டும் முறை என்றால் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும், ஓரத்தில் ஆறிக் கிடப்பதும் உள்ளே போய் வேக வேண்டுமே.) இதில் பெரிய வில்லன் குடற்புழு முட்டை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆனால் இந்தச் சூட்டை நாள்கணக்கில் தாங்காது. ஒரு குறை, பதிவில் இருப்பது குவியலின் நடுப்பகுதிச் சூடு மட்டும். ஓரத்தில் அளந்த மாதிரித் தெரியவில்லை. ஓரமும் ஆறாமல் இருக்கப் பழைய கம்போஸ்ட்டைப் போர்வை மாதிரி மேலே மூடினீர்களா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அடுத்து ஆய்வக அறிக்கை. மலக் கோலிஃபார்ம் (குடலில் வாழும் பாக்டீரியா, நோய்க்கிருமி மிஞ்சியிருக்கலாம் என்பதற்கு அடையாளம்) உலர் எடையில் கிராமுக்கு 1000-க்குக் கீழே, அதே விதியின் ஏ வகுப்பு (நோய்க்கிருமி விஷயத்தில் கடுமையான வகுப்பு) வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் மாதிரி எடுத்த தேதிக்கும் மூட்டை கட்டிய தேதிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி! எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இதுதான். வைரஸும் புழு முட்டையும் செத்தால் செத்ததுதான், உரத்துக்குள் பெருகாது. பாக்டீரியா அப்படியில்லை, ஈரமும் தின்ன ஏதாவது மிச்சமும் இருந்தால் போதும், தப்பிப் பிழைத்த கொஞ்சமோ, பச்சைக் கசடு அள்ளிய அதே வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சமோ மறுபடி பெருகிவிடும். நன்றாக முதிர்ந்த கம்போஸ்ட் என்றால் மற்ற நுண்ணுயிர்கள் அதற்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. முதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடி ஒரு வாரம் வைத்தேன். திறந்தால் அம்மோனியா நெடி, குப்பென்று அடிக்கவில்லை, ஆனால் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஆறப்போட்டிருக்கலாம், அவசரப்பட்டு மூட்டை கட்டிவிட்டார்கள்.

அப்புறம், கொட்டும்போது மாஸ்க் போடுங்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்கிற பூஞ்சை சூடான குவியலில் செழித்து வளரும், அதன் வித்துகள் தூசியோடு பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இந்த மூட்டையைப் பிரிக்காமல் இருப்பதே நல்லது. மூட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கன உலோகங்கள் எவ்வளவு சூட்டிலும் போகாது, அதற்குத் தனி அறிக்கை தந்தார்கள், எல்லாம் வரம்புக்குள்தான்.

மரத்துக்கும் புல்தரைக்கும் பூச்செடிக்கும் தாராளமாகப் போடலாம், என் செடிகள் நன்றாகவே துளிர்த்திருக்கின்றன. பச்சையாகக் கடித்துத் தின்னும் கேரட், முள்ளங்கி, லெட்யூஸுக்கு நான் போடவில்லை, போடப்போவதும் இல்லை. 5-க்கு 3. மூட்டை கட்டுகிற சமயத்தில் எடுத்த மாதிரியின் அறிக்கையை மூட்டையிலேயே ஒட்டி அனுப்பினால் 4.