காந்த முனையா, ஊசிப் பின் துளையா: வைப்ரேட்டர் வாங்குமுன் சார்ஜ் ஏறும் இடத்தைப் பாருங்கள்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். கடைசி நான்கு வருஷத்தில் மூன்று வைப்ரேட்டர், அதாவது அந்தரங்க இன்பத்துக்கான அதிர்வுக் கருவி, வாங்கியிருக்கிறோம். முதலாவது எட்டே மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது மூன்று வருஷமாக ஓடுகிறது. மூன்றாவது வந்து நான்கு மாதம் ஆகிறது. எதிலும் மோட்டார் கெட்டதில்லை, சிலிக்கான் உறை கிழிந்ததில்லை. வந்த தொல்லையெல்லாம் சார்ஜ் ஏறும் இடத்தில்தான். வாங்கும்போது வேகம் எத்தனை, சத்தம் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்த நான் அந்த ஒன்றை மட்டும் பார்க்கவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வட்டத்துப் பெண்களும் இதைக் கூச்சத்தோடு, அரைகுறையாகத்தான் கேட்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சாதா பேட்டரி போட்டு ஓடும் வகையை முதலில் சொல்லி முடித்துவிடலாம். விலை குறைவு, கரண்ட் இல்லாத இரவிலும் ஓடும். பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும். கழற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் பேட்டரி கசிந்து உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை அரித்துவிடும். எப்போதாவது எடுக்கிறவர்களுக்கு அது போதும்.

சார்ஜ் ஏறும் வகைகளில் ஊசிப் பின் துளை உள்ளதுதான் எங்கள் முதல் கருவி. அடிப்பக்கத்தில் சிலிக்கானில் ஒரு சிறு துளை இருக்கும், ஊசி மாதிரி மெல்லிய பின்னை அதில் குத்த வேண்டும். பின்னை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தது. புதிதில் மூடிக்கொண்டது உண்மைதான். வாரம் இரண்டு முறை குத்திக் குத்தி, ஐந்தாம் மாதத்தில் அந்த வாய் தளர்ந்துவிட்டது. இந்தக் கருவியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. கழுவும் தண்ணீரும் லூப்ரிகன்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின. டர்பன் கோடையில் துணியே ஒழுங்காகக் காயாது, அந்தத் துளை எங்கே காயும்? பிறகு பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் விளக்கு எரிந்தது. எட்டாம் மாதம் அதுவும் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று நாமே சொல்லலாம். நான் போனது எட்டாம் மாதம். கடையில் தண்ணீர் புகுந்ததற்குப் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். விளக்கு மினுங்கத் தொடங்கிய அன்றே போயிருக்க வேண்டும்.

இரண்டாவது கருவி காந்த முனை. என் மனம் முழுக்க இதன் பக்கம்தான். துளையே இல்லை. அடியில் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் மட்டும். கேபிளின் காந்தத் தலையை அருகில் கொண்டுபோனால் டக் என்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாததால் குழாயடியில் நிம்மதியாகக் கழுவலாம். எங்களுடையது ஐபிஎக்ஸ்7 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். மூன்று வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன், ஒரு சொட்டு உள்ளே போனதாகத் தெரியவில்லை.

இதற்கும் தொல்லைகள் உண்டு. ஒரு நாள் ஒட்டியும் விளக்கு வரவில்லை. பொட்டுகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும் பாசி போலப் பச்சை. ஈரம் இருக்கும்போதே சார்ஜ் போட்டதால் வந்த அரிப்பு அது. மருந்துக் கடையில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பொட்டுகளை மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். பஞ்சு பச்சையானது, விளக்கு வந்தது. கேபிள் பக்கத்துப் பின்களையும் துடைக்க வேண்டும். பிளேடு, உப்புத்தாள் எதுவும் கூடாது, மேல்பூச்சு போய்விடும். அன்றிலிருந்து கழுவியதும் துடைத்து, ஓர் இரவு காய வைத்த பிறகுதான் சார்ஜ் போடுகிறேன்.

இன்னொன்று, காந்தத் தலை கண்டதையும் இழுக்கும். கரண்டில் இருந்த கேபிளை ஒருமுறை கண்ணாடி மேசையில் அப்படியே விட்டிருந்தேன். புடவை ஊக்கு ஒன்று போய் இரண்டு பின்னுக்கும் குறுக்கே ஒட்டிச் சூடாகிக் கிடந்தது. ஐந்து வோல்ட்தான் என்றாலும் பார்த்ததும் பகீரென்றது. வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி விடுங்கள். மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அலமாரித் துணிக்குள் ஒளித்துச் சார்ஜ் போடத் தோன்றும். சூடு வெளியேறாது, அதைச் செய்யாதீர்கள். எங்கள் அறையில் நாங்கள் இருக்கும் நேரத்தில், மேசைமேல் திறந்த இடத்தில்தான் போடுகிறேன்.

ஆனால் காந்த முனையின் உண்மையான பலவீனம் கேபிள்தான். அது தொலைந்தால் நல்ல கருவியும் சும்மாதான் கிடக்கும். பொட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறொன்றின் கேபிள் காந்தத்தால் அழகாக ஒட்டும், ஆனால் பின்கள் சேராது. ப்ளஸ், மைனஸ் மாறியிருந்தால் கருவியே போய்விடலாம். அதனால் வாங்கும் அன்றே அதே கம்பெனியின் இரண்டாவது கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் காந்த வகையே வேண்டாம்.

2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, ஆறாம் கட்டம் வரை போனபோது பவர் பேங்கில் போட்டுப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கருவி கெட்டது என்றுதான் நினைத்தேன். இந்த மாதிரிச் சிறு கருவி இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், ஒன்றும் செருகவில்லை என்று பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. பக்கத்து ஓட்டையில் போனையும் சேர்த்துப் போட்டால் அணையாது. சில பவர் பேங்கில் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் சிறு கருவிகளுக்கான நிலை வரும். கரண்ட் போனதும் சுவரில் இருக்கும் அடாப்டரைக் கழற்றிவிடுவது நல்லது. திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறும்.

அப்புறம், இரண்டு மாதம் மதுரைக்குப் போய்த் திரும்பியபோது கருவியில் உயிரே இல்லை. லித்தியம் பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் முதலில் மிக மெதுவாகத்தான் ஏறும். கால் மணி, அரை மணி நேரம் விளக்கு வராமல்கூட இருக்கலாம். காத்திருந்தேன், வந்தது. நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். சார்ஜ் இருந்தும் ஓடவில்லை என்றால், பையில் தானாக ஓடாமல் தடுக்கும் பயணப் பூட்டு விழுந்திருக்கலாம். பல கருவிகளில் கூட்டல், கழித்தல் பட்டன்களைச் சேர்த்துச் சில நொடி அமுக்கினால் திறக்கும், சிலவற்றில் சார்ஜில் போட்டாலே திறந்துவிடும்.

மூன்றாவது யூஎஸ்பி சி வகை. போன் கேபிளே போதும் என்பது பெரிய வசதி. இருந்தாலும் வந்த அன்றே ஒரு சிக்கல். இருபக்கமும் சி உள்ள கேபிளில் ஏறவில்லை, ஒரு பக்கம் பழைய செவ்வக முனை உள்ள கேபிளில் ஏறியது. விலை குறைந்த கருவிகளில் சார்ஜரிடம் மின்சாரம் கேட்பதற்கான சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் வருவது இது. கேபிளை மாற்றிப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், ஹெட்போன் போன்றவற்றுக்கு யூஎஸ்பி சி கட்டாயமானது. அந்தப் பட்டியலில் இந்தக் கருவிகள் இல்லை, அதனால் காந்தத் தலைகள் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆளுக்கொரு அளவில்தான் வரும்.

யூஎஸ்பி சி-யிலும் ஒரு வாய் இருக்கிறது, அதை ஒரு சிலிக்கான் மூடி காக்கிறது. நான்கு மாதத்தில் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. முதல் கருவியும் நான்காம் மாதத்தில் அப்படித்தான் இருந்தது என்பதால் இதற்கு நான் இப்போது சான்று சொல்ல மாட்டேன்.

எந்த வகையானாலும், உறைக்கு அடியில் ஒரு பக்கம் உப்பினாலோ, சார்ஜில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அது பேட்டரி கெட்டதற்கு அடையாளம். குத்திப் பார்க்காமல், வீட்டுக் குப்பையிலும் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.