ராஸ்பெரி பை 5: ஸ்பின்லாக் நோண்டுபவர்களுக்கு எப்படி?

ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீடியோ, எஸ்எஸ்டி வேகம் என்றே பேசுகிறார்கள். நான் வாங்கியது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் லாக்குகளை நிஜமான ஆர்ம் சிப்பில் முட்டவிட்டுப் பார்க்க. ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸர் கோர் மட்டும் தொடும்படி காப்பது லாக். அது கிடைக்கும்வரை கோர் தூங்காமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றால் ஸ்பின்லாக். அதற்கு அருமையான போர்டு.

முந்தைய பை 4-இல் இருப்பது கார்டெக்ஸ் ஏ72 என்ற ப்ராசஸர். அது லாக்கைப் பிடிக்க, மதிப்பைப் படித்து, மாற்றி, எழுதிப் பார்க்கும். நடுவில் இன்னொரு கோர் அதே இடத்தைத் தொட்டுவிட்டால் எழுதியது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. பை 5-இன் ஏ76-இல் ஆர்ம் வி8.1 வடிவமைப்பில் வந்த எல்எஸ்இ என்ற கட்டளைகள் உண்டு. அந்தச் சுற்று முழுவதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். கெர்னலில் இரண்டு வழியும் இருக்கின்றன, பூட் ஆகும்போதே சிப்பைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. யாரும் போட்டிக்கு வராத லாக்கில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். நாலு கோரும் ஒன்றுக்கே அடித்துக்கொள்ளும்போதுதான் விஷயம் இருக்கிறது.

நாலு கோர் போதுமா என்று கேட்டால், மட்டாகப் போதும். 64-பிட் ஆர்மில் கெர்னல் 4.19 முதல், கோர்களை வரிசையில் காக்கவைக்கும் ஸ்பின்லாக்தான். முதல் கோர் லாக்கை வைத்திருக்கும். இரண்டாவது, ‘அடுத்தது நான்’ என்று சொல்லும் பெண்டிங் பிட்டைப் போட்டுவிட்டு லாக்கையே பார்த்து நிற்கும். மூன்றாவது வந்தால்தான் வரிசையே தொடங்கும். நான்காவது, லாக் பக்கம் திரும்பாமல் வரிசையில் தனக்கென்று இருக்கும் நோடை மட்டும் பார்த்துக் காத்திருக்கும். ஒரே கேஷ் லைனை, அதாவது வேக நினைவகத்தின் ஒரே துண்டை, கோர்கள் மாறி மாறி இழுப்பது குறைவது அதனால்தான். கெர்னலோடு வரும் லாக்டார்ச்சர் என்ற சோதனை மாட்யூலை ஓடவிட்டால் இத்தனையும் நடக்கும். ஆனால் அது லாக் உடைகிறதா என்று பார்க்கும் கருவி, வேகம் அளக்க அதை நம்பாதீர்கள்.

குறை என்றால் சூடு. 80 டிகிரியைத் தொட்டால் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்புறம் எடுத்த எண்களெல்லாம் குப்பை. விசிறி வைத்த கூலரைத் தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். 5 ஆம்பியர் அடாப்டரும் அப்படியே. செல்போன் சார்ஜரை மாட்டிவிட்டுப் புலம்பவேண்டாம்.

இரண்டு சாக்கெட் (தனித்தனி ப்ராசஸர் சிப் இரண்டு) உள்ள சர்வரில் லாக் எப்படித் திணறும் என்று பார்க்க இது உதவாது, அதற்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுங்கள். மற்றபடி 4 ஜிபி மாடலே தாராளம். கெர்னலை மட்டும் போர்டிலேயே பில்ட் செய்யாமல் லேப்டாப்பிலேயே ஆர்ம் சிப்புக்காக பில்ட் (கிராஸ் கம்பைல்) செய்துகொள்ளுங்கள்.