"ஆறு" என்ற ஒரு சொல்லுக்கு 26,000 ரூபாய் அழுதேன்

ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. கடைக்காரர் "இதில் ஆறு இருக்கு" என்றால், ஆறு என்ன என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

மகனுக்காக வாங்குவதாகத்தான் வீட்டில் சொன்னேன். ஆசை என்னுடையது. அதுவரை நான் ஓட்டியது 1,800 ரூபாய் பொம்மை ஒன்றைத்தான். ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி பிளேடுகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுமே, அந்த வகை. ஹாலுக்குள் பரம சாதுவாக மிதக்கும். கடையில் இதை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப அடுத்த லெவலுக்கு வந்துட்டீங்க சார்" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து '450' என்ற அளவு வகை ஹெலிகாப்டர் ஒன்றை இறக்கினார். ஒவ்வொரு பிளேடும் 325 மில்லிமீட்டர். பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

"எனக்கு ஓட்ட வருமாண்ணே?"

"ஆறு கைரோ சார், திரும்புறதையும் சாயுறதையும் உணர்ற கருவி. கையை எடுத்தா தானே நேரா நிக்கும்."

மறுநாள் காலை மொட்டை மாடி. மேலே கிளம்பியது, இடப்பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தேன். நேராக நிற்கவில்லை, சாய்ந்தது சாய்ந்தபடியே போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. மொத்தம் மூன்று நொடி இருக்கும். பிளேடுத் துண்டு ஒன்று தண்ணீர்த் தொட்டியில் அடித்துத் தெறித்தது. பையன் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றதால் தப்பித்தான். 2013-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், பழக்கப்பட்ட 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலிகாப்டரின் பிளேடு பட்டே இறந்தார் என்பதை அப்புறம்தான் படித்தேன். அது என்னுடையதைவிடப் பெரியது, ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் சார்" என்று சொல்லி, கடைக்காரர் பிளேடு, தண்டு, பல்சக்கரம், வால் குழாய் என 3,400 ரூபாய்க்குப் பில் போட்டார்.

இரண்டாவது தடவை அது பறக்கவே இல்லை. பேட்டரியைச் செருகியதுமே பேய் பிடித்ததுபோல் சீறி, கவிழ்ந்து, தரையைச் சீய்த்தது. ரிமோட்டில் 'ஐடில் அப்' என்று ஒரு சுவிட்ச். தலைகீழாகப் பறந்து வித்தை காட்டுபவர்களுக்கானது. அதைப் போட்டுவிட்டால், ரிமோட்டின் வேகக் குச்சி அடியில் கிடந்தாலும் மோட்டார் அதிக வேகத்தில் ஓடும். என் கை பட்டு அது மாறியிருந்திருக்கிறது. மோட்டாரை ஒரே தட்டில் நிறுத்தும் 'த்ராட்டில் ஹோல்டு' சுவிட்சும் பக்கத்திலேயே இருந்தது. விற்றவர் இரண்டையும் பற்றி வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரி மைதானத்தில் விமானம் விடும் பெரியவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இதுல ஆறுங்கிறது சேனல், அதாவது ரிமோட்லேர்ந்து போற தனித்தனிக் கட்டளை. கைரோ மூணு அச்சுதான்."

மூன்று அச்சு கைரோவுக்கு, மூன்று திசைகளில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, சாய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நாம் சொல்லாமல் அது திரும்பவிடாது, அவ்வளவே. தரை எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. ஆறு அச்சு என்றால், தரை எந்தப் பக்கம் என்று உணரும் ஆக்சிலரோமீட்டரும் சேர்ந்திருக்கும். கையை எடுத்தால் சமநிலைக்கு வரும். அதுவும் காற்றடித்தால் நகரத்தான் செய்யும். ஆறு சேனல் என்பதோ நன்றாகப் பழகியவர்களுக்கு. பிளேடின் சாய்கோணத்தையே நாம் மாற்ற வேண்டும், விரல் மிகையாக அசைந்தால் தரையை நோக்கித் தள்ளும்.

பெரியவர் வால் பக்கத்தைத் திறந்தார். பெல்ட் ஓடும் சக்கரத்தில் காய்ந்த புல் சுற்றியிருந்தது. என் வீட்டு மாடியில் ஏது புல்? யாரோ போட்டு உடைத்ததைச் சரிசெய்து, புதுப் பெட்டியில் வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பேட்டரியின் மூன்று செல்களில் ஒன்றின் மின்னழுத்தம் இறங்கிப்போய், வயிறு வேறு உப்பியிருந்தது. அதை வீட்டில் சார்ஜ் போடவே கூடாது என்று தனியே எடுத்து வைத்துவிட்டார்.

கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பில்லை நீட்டினார்: '6 சேனல்'. கைரோ பற்றி ஒரு எழுத்தும் இல்லை. "ஆறுன்னேன், ஆறுதானே சார் கொடுத்திருக்கேன்?" புல்லைப் பற்றிக் கேட்டதற்கு, குடோனில் ஒட்டியிருக்கும் என்றார். குடோனில் புல் வளர்க்கிறார் போல.

என்னைப் போல இரட்டை அடுக்குப் பொம்மையிலிருந்து வருகிறவர்கள், உள்ளங்கை அளவில், ஒற்றை பிளேடு ஜோடியுள்ள நான்கு சேனலுக்குப் போங்கள். பெட்டியில் 'ஆறு அச்சு' என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். அதில் வாலை நம் பக்கம் வைத்து நிறுத்தப் பழகுவது ஒரு கட்டம். மூக்கை நம் பக்கம் திருப்பினால் இடது வலதாகிவிடும், அது இன்னொரு ஜென்மம். எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஆறு சேனல் ஆசை விடாவிட்டால், முதலில் கணினி சிமுலேட்டரில் மோதித் தள்ளுங்கள், அங்கே உதிரிப்பாகம் இலவசம். கடையில் பெட்டியைப் பிரித்து வால் பெல்ட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து போன். "சார், உங்க மாடலுக்கு வால் குழாய் புதுசா வந்திருக்கு, ரெண்டு எடுத்து வைக்கட்டுமா?"