மணிக்கணக்கா, ஸ்கேனா: மயக்க மருந்துக்கு முன் குழந்தையின் வயிறு

வயிறு காலியா என்று அறிய இரண்டு வழி. ஒன்று, பிள்ளை கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டது என்று வீட்டாரைக் கேட்பது. சோறு, பசும்பால் என்றால் 6 மணி நேரம் கடந்திருக்க வேண்டும், தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2. செலவில்லை, திட்டமிட்ட அறுவைக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் "ஒண்ணும் குடுக்கலை" என்கிற அப்பத்தா நுங்கையும் நீராகாரத்தையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாம்பனில் படகிலிருந்து விழுந்து கை முறிந்த பிள்ளைக்கோ மணிக்கணக்கே பொய்க்கும். வலியில் இரைப்பை மந்தமாகிவிடும்.

அங்கேதான் அல்ட்ராசவுண்ட். சிறு பிள்ளைக்கு லீனியர் புரோப், அதாவது தோலில் வைக்கும் தட்டை முகக் கருவி. மேல்வயிற்றில் நெடுக்காக வைத்து, கல்லீரலின் இடது மடலுக்கும் கணையத்துக்கும் நடுவே இரைப்பையின் கீழ்ப்பகுதியைத் தேட வேண்டும். முதலில் மல்லாக்க, பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து. மல்லாக்க மட்டும் பார்த்தால் கொஞ்சநஞ்ச நீர் கண்ணில் படாது. தட்டையாகச் சுவர் மட்டும் தெரிந்தால் காலி. கறுப்பாக விரிந்திருந்தால் நீர், கிலோவுக்கு 1.25 மில்லிக்கு மேல் போனால் எச்சரிக்கை. மங்கல் கண்ணாடிபோல் தெரிந்தால் திட உணவு: தள்ளிப்போடலாம், முடியாவிட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்றே வைத்து மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.

அழுத பிள்ளை காற்றை விழுங்கியிருக்கும், படம் மறையும். புரோபை அழுத்தினால் இரைப்பை நசுங்கிக் காலிபோலக் காட்டும். தெளிவில்லாத படத்தைக் 'காலி' என்று எழுதக் கூடாது.