வெயில் காயும் வறண்ட பாத்தியில் கிரிம்சன் கிளோவர்: பல பருவங்களின் அனுபவம்

கிரிம்சன் கிளோவர் என்னும் சிவப்புப் பூச்செடியின் விதையை விற்பவர்கள் அதை ‘வறட்சி தாங்கும் செடி’ என்று சொல்லி விற்பதுண்டு. நாள் முழுவதும் வெயில் விழுகிற, மணலும் சரளையும் கலந்த ஒரு பாத்தியில் பல பருவங்களாக இதை வளர்த்து வருகிறேன். அந்தச் சொல்லை அப்படியே நம்பி வாங்குவோர் ஏமாந்துபோக இடமுண்டு என்பதே என் கருத்து. வறட்சி வந்து சேர்வதற்குள் பூத்து, காய்த்து, விதையைக் கொட்டிவிட்டு மடிந்துவிடுகிற செடி இது. கோடை நடுவில் இதைப் பச்சையாக வைத்திருக்க நினைத்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பலன் இருக்காது.

ட்ரைஃபோலியம் இன்கார்னேட்டம் என்ற தாவரவியல் பெயர் கொண்ட இந்த ஓராண்டுத் தாவரத்தின் இயல்பு, குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் நிலவுகிற மத்தியதரைக் கடற்பகுதியின் பருவநிலையோடு ஒத்துப்போவது. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு படிந்த சிறு இலைக்கொத்தாக இருந்து, அந்த மாதங்களில் வேரை மட்டும் ஆழமாக இறக்கிக்கொள்கிறது. பகற்பொழுது 12 மணி நேரத்தைத் தாண்டி நீளும்போது தண்டு மேலெழுந்து பூக்கத் தொடங்குகிறது. ஆகவே கடுங்குளிர் இல்லாத இடங்களில், முதல் உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பாக விதைப்பதே சரியான வழி. இளவேனிலில் விதைத்தாலும் பூக்கத்தான் செய்யும். ஆனால் வேர் இறங்க அவகாசம் கிடைக்காததால் செடி குட்டையாகவே நின்றுவிடும், பூத்தலைகளும் சிறுத்துப்போகும், முதல் வெப்ப அலையிலேயே எல்லாம் முடிந்துவிடும். என் பாத்தியில் இலையுதிர் கால விதைப்புக்கும் இளவேனில் விதைப்புக்கும் இருந்த வித்தியாசம், இரண்டும் வெவ்வேறு செடிகளோ என்று எண்ணும் அளவுக்கு இருந்தது.

விதை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். புதிய விதை மஞ்சளாக, மினுமினுப்பாக இருக்கும். பழுப்பேறி மங்கியிருந்தால் அது பழைய விதை, முளைப்பு குறையும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டியதில்லை. தண்ணீர் கட்டாயமாகத் தேவைப்படுவது முளைக்கும் நாட்களிலும் அதற்கடுத்த சில வாரங்களிலும்தான். அந்தக் கட்டத்தில் நத்தைகள் இளநாற்றுகளை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும் என்பதால், மாலையில் ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்லது.

உரம் வேண்டவே வேண்டாம். அவரைக் குடும்பத்துச் செடி என்பதால், வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். இதுவரை கிளோவர் வளராத மண்ணாக இருந்தால் நுண்ணுயிர் கலவை சேர்க்கலாம், ஆனால் கிளோவருக்கு உரிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். குதிரைமசால் என்ற தீவனப் பயிருக்கான கலவை இதற்கு உதவாது. வளமான மண்ணில் செடி மளமளவென்று இலையாகவே வளர்ந்து, ஒரு பலத்த காற்றில் சாய்ந்துவிடும். அதே செடி மெலிந்த மண்ணில் முழங்கால் உயரத்துக்குள் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் முயல வேண்டாம்.

இதை அழகுக்காக வளர்ப்பதற்கான நியாயம் முழுவதும் பூத்தலையில் இருக்கிறது. மொட்டுப் பருவத்தில் அது வெள்ளி முடி போர்த்திய பச்சைக் கூம்பாக இருக்கும். அடி வரிசைப் பூக்கள் முதலில் விரிய, சிவப்பு மெல்ல மெல்ல மேலேறி, நுனியில் மட்டும் பச்சை மிஞ்சியிருக்கும் அந்த இரண்டொரு நாட்களில்தான் செடி அதன் உச்சத்தில் இருக்கிறது. அடர்ந்த, கறுப்பு கலவாத சிவப்பு. மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது இதழ்களுக்கு அடியிலுள்ள புல்லிவட்டத்தின் முடிகள் ஒளிர்ந்து ஒவ்வொரு பூத்தலையைச் சுற்றியும் ஒரு விளிம்பு தெரியும். செம்மண் நிறச் செங்கற்களின் அருகே இந்த நிறம் எடுபடாது. சாம்பல் பச்சை இலைகளின் பக்கத்தில் வைத்தால் துலங்கும். தேனீக்கள் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பாத்தியே இரைந்துகொண்டிருக்கும்.

குறை, பூத்து முடிந்த பின் வருகிறது. நுனி சிவந்திருக்கும்போதே அடி பழுப்பாகிவிடும். அடுத்த சில வாரங்கள் பாத்தி பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். பூக்கும் பருவத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது என்பதால், அழகுக்காக நுனியைக் கத்தரித்து இரண்டாம் பூப்பை எதிர்பார்க்க முடியாது. நான் பாதிச் செடிகளை வாடத் தொடங்கியதும் தரைமட்டத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிட்டு, மீதியை விதை கொட்டும்வரை விட்டுவைக்கிறேன். தானாக முளைத்து வரும் என்றாலும் அதை முழுதாக நம்ப முடியாது: விதையுறை பெரும்பாலும் மென்மையானது, எனவே கோடையில் தப்பித்தவறி ஒரு மழை பெய்தால் முளைத்துவிட்டு, பின்வரும் வெயிலில் கருகிப்போகும். இதற்காகவே ஒரு கைப்பிடி விதையை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பூப்புக்குப் பிந்தைய தோற்றமும் முக்கியம் என்பவர்களுக்கு, இதன் உறவான ட்ரைஃபோலியம் ஸ்டெல்லாட்டம் என்னும் நட்சத்திரக் கிளோவரைச் சொல்வேன். ஒரு சாண் உயரம்கூட அரிது, பூவும் வெளிறியது. ஆனால் இதழ்கள் வாடிய பின் புல்லிகள் சிவந்து, ஐந்து முனை நட்சத்திரங்களாக விரிந்து, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். சரளைப் பாதையின் ஓரத்துக்கு அதுவே பொருத்தம். தூரத்திலிருந்து கண்ணில் படும் நிறம் வேண்டுமானால் கிரிம்சன் கிளோவர்தான்.

குதிரை வளர்க்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. முற்றிக் காய்ந்த கிரிம்சன் கிளோவர் பூத்தலைகளின் விறைத்த முடிகள் குதிரையின் குடலில் திரண்டு அடைப்பை உண்டாக்கக்கூடும். அத்தகைய இடங்களில் விதைக்கு விட்டுவைக்காமல், பூ முற்றுவதற்கு முன்பே அறுத்துவிட வேண்டும்.