ஃபர்னஸ் குழாயின் வாட்டம்: நாலு குளிர்காலத்து அனுபவம்

போன வாரம் எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸைப் பழுது பார்த்து முடித்த கையோடு ஒரு நண்பர் கேட்டார்: "உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே நாங்களும் போடலாம்னு இருக்கோம். எப்படி இருக்கு?" சட்டென்று "போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அவருக்கு முழுசாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 90 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட கண்டென்சிங் வகை. இரண்டு பிவிசி குழாய்கள்: ஒன்று வெளியிலிருந்து காற்றை இழுக்கும், இன்னொன்று புகையை வெளியே தள்ளும். சூடாக்குவதில் நாலு வருஷத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னைப் படாதபாடு படுத்தியது அந்தப் புகைக்குழாயின் வாட்டம், அதாவது சாய்வு.

மூன்றாவது குளிர்காலத்தில் ஆரம்பித்தது. நடு ராத்திரியில் ஃபர்னஸ் கிளம்பும், சின்ன விசிறி சுழலும், குழாய்க்குள் களக் களக் என்று தண்ணீர் புரளும். உடனே நின்றுவிடும். மறுபடி முயலும், மறுபடி நிற்கும். சில முறை இப்படி ஆனதும் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும் மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் கையேட்டில் பார்த்தால் "பிரஷர் சுவிட்ச்" என்று இருந்தது. வந்தவர் சுவிட்சையே மாற்றிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து அதே களக் களக்.

அடுத்து வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ரசமட்டத்தை எடுத்துக் குழாய் மேல் வைத்தார். ஓர் இடத்தில் குமிழி தப்பான பக்கம் ஓடியது. இரண்டு கிளாம்ப்புக்கு நடுவே குழாய் தொய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் அறுத்ததும் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது. அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய வெட்டின் ஓரத்தில் பிசிறு அப்படியே நிற்கிறது, உள்பக்கம் குழாய் ஒட்டும் சொல்யூஷன் கட்டியாக உறைந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எரிவாயு எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகும். இந்த வகை ஃபர்னஸ் அந்த நீராவியின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்வதால் ஆவி தண்ணீராகிவிடும். கடுங்குளிரில் ஒரு நாளைக்குப் பல லிட்டர். புகை அவ்வளவு ஆறிப்போவதால்தான் பிளாஸ்டிக் குழாயே போட முடிகிறது. அந்தத் தண்ணீரில் அமிலத்தன்மை உண்டு, உலோகத்தை அரிக்கும். அது ஃபர்னஸ் பக்கமே திரும்பி வந்து வடிகாலில் இறங்க வேண்டும். வெளிப்பக்கம் வாட்டம் வைத்தால் வாயிலேயே உறைந்து அடைத்துவிடும். அடிக்குக் கால் அங்குல வாட்டம் என்பது கணக்கு. எங்கள் படுக்கைக் குழாய் 14 அடி. அப்படியானால் இரு முனைக்கும் மூன்றரை அங்குல உயர வித்தியாசம் இருக்க வேண்டும். எங்கள் கையேடு 5 அடிக்கு ஒரு கிளாம்ப் கேட்கிறது. முதலில் போட்டவர் இரு முனையிலும் ஒவ்வொன்று அடித்து, நடுவில் ஒன்றே ஒன்றோடு முடித்துவிட்டார்.

குழாயில் தண்ணீர் தேங்கினால் புகை போக வழி குறுகும். விசிறி இழுக்கும் அழுத்தம் குறைந்ததை அந்த சுவிட்ச் கண்டுகொண்டு எரிவாயுவை நிறுத்திவிடும். அதாவது, நான் திட்டித் தீர்த்த சுவிட்ச்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. "ஒரு ஒயர் போட்டு சுவிட்சைத் தாண்டிவிடுங்கள், ஓடும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வழியில்லாத புகை வீட்டுக்குள் திரும்பினால் அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், காற்றுக்குழாய் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்திருக்கிறது. ஒரு கன அடி எரிவாயு எரியக் குறைந்தது 10 கன அடி காற்று வேண்டும். பழைய ஃபர்னஸ் அதை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்தது. அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழையும், தரையில் கால் வைக்க முடியாது. இப்போது அது இல்லை. துணி துவைக்கும் பிளீச்சின் ஆவி உள்ளே போய், புகையின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதியை அரிக்கும் பயமும் இல்லை. வெளியே இரு வாய்களையும் முதலில் போட்டவர் நன்றாகவே வைத்திருந்தார். விட்ட புகையையே திரும்ப இழுக்காத இடைவெளி, பனி மட்டத்துக்கு ஓர் அடி மேலே, எல்லாம் சரி. பெரும் பனி விழுந்த காலையில் நான் முதலில் மண்வெட்டியோடு போவது அங்கேதான்.

நண்பர் கவனிக்க இன்னும் மூன்று விஷயம். குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போவைக் கண்டபடி சேர்க்கக் கூடாது. எங்கள் கையேட்டில் ஒரு எல்போ 5 அடிக் குழாய்க்குச் சமம், மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இரு குழாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கழிவுநீருக்குப் போடும் எந்த வெள்ளைக் குழாயையும் இதற்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது, கையேடு பெயர் சொல்லி அனுமதிப்பதை மட்டும் வாங்க வேண்டும். அப்புறம், முன்பு பழைய ஃபர்னஸோடு ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்ட வாட்டர் ஹீட்டர் இப்போது அதில் தனியாக மிஞ்சினால் அதற்கு அந்த வழி அகலமாகிப் புகை சரியாக மேலேறாது. எங்கள் வீட்டில் புகைபோக்கிக்குள் லைனர் என்னும் குறுகலான உள்குழாயை இறக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், நண்பரே, இன்றைக்குக் கேட்டாலும் என் பதில் "போடாதீங்க"தான். குழாயை மாற்றி ஏழு நாள் ஆகிறது. நேற்று ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்து போய், இருட்டில் அதன் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். விசிறிச் சத்தம் மட்டும்தான். ஆனாலும் தூக்கம் திரும்ப வரவில்லை.