பனங்கட்டையில் எய்ய எந்த முனை? சாதாவா, ரப்பரா, ஜூடோவா?

பங்குனி, சித்திரை இரண்டே மாதத்தில் ஏழு அம்பு தொலைத்த பிறகுதான் முனையைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன். அதுவரை அம்போடு வந்த சாதா முனைதான், துப்பாக்கித் தோட்டா மாதிரி கூராக இருக்குமே, அது. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம், சாயல்குடிப் பக்கம் எங்கள் கொல்லையைத் தாண்டினால் மணலும் பட்டுப்போன பனைகளின் அடிக்கட்டைகளும்தான். அட்டையை நட்டுவைத்து ஒரே தூரத்தில் எய்து சலித்தவனுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நடந்துகொண்டே போவேன், ஏதாவது ஒரு கட்டை கண்ணில் படும், தூரத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரு அம்பு விடுவேன், போய் எடுத்துக்கொண்டு அடுத்த கட்டையைத் தேடுவேன். பட்ட கட்டையில் மட்டும்தான், பச்சை மரத்தில் கிடையாது.

ரப்பர், ஜூடோ மாதிரி கூரில்லாத மொட்டை முனைகளை அமெரிக்காவில் முயல், அணில் வேட்டைக்கும் வாங்குகிறார்கள். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். முயலும் கௌதாரியும் மயிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, வில்லால் அடித்தாலும் வேட்டை வேட்டைதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மாதிரி பறவைகள் சரணாலயப் பக்கம் வில்லைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். மொட்டை முனை உடம்பைத் துளைக்காமல் அடியின் அதிர்ச்சியால் சிறு பிராணியை வீழ்த்தும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர்கள் கணக்கு. நான் கட்டையைத் தவிர எதையும் அடித்தவன் இல்லை, அதனால் அதில் எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எடை விஷயம் ஒரு வரிதான். எந்த முனை வாங்கினாலும் இப்போது போட்டிருக்கும் எடையிலேயே வாங்குங்கள். என்னுடையது 100 கிரெயின், கிட்டத்தட்ட ஆறரை கிராம். 125 போட்டால் அம்பு சீக்கிரம் தாழும், தண்டும் அதிகமாக வளையும்.

சாதா முனை அட்டைக்கும் வைக்கோலுக்கும் அருமை. பனங்கட்டையில் அது தலைவலி. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்த நார், அதில் குத்திக்கொண்டால் இழுக்கிற இழுப்பில் தண்டு மட்டும் கையோடு வரும், முனையும், அதைத் திருகி மாட்டத் தண்டின் வாயில் ஒட்டியிருக்கும் இன்செர்ட் என்ற சின்னக் குழாயும் கட்டையிலேயே தங்கிவிடும். அது கூடப் பரவாயில்லை, பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். குறி தப்பினால்தான் கதை வேறு. கூர்முனை மணலுக்குள் சரிந்து, அடப்பங்கொடிக்கு அடியில் பாம்பு மாதிரி ஊர்ந்து போய்ப் படுத்துக்கொள்ளும். விழுந்த இடம் தெரியும், அம்பு இருக்காது. ஒரு நாள் முக்கால் மணி நேரம் காலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பனையேறும் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மோதிரத்தத் தொலைச்சிட்டீகளா?" என்றார்.

ரப்பர் மொட்டை முனை விலை குறைவு, துருப்பிடிக்காது, கட்டையில் சிக்கவும் சிக்காது. ஆனால் கட்டையில் பட்டுத் தெறிக்கும், பத்தடி தூரத்தில் நின்று விட்டு ஒரு முறை என் முழங்காலுக்கே திரும்பி வந்தது. குறி தப்பினால் இதுவும் தரையில் வழுக்கிக்கொண்டு புல்லுக்குள் போய்விடும். தலை பருமன் என்பதால் காற்றுப் பிடிக்கும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இருபது அடியைத் தாண்டினால் எனக்குச் சரிப்படவில்லை. இரும்பு மொட்டை முனையை நான் நாலைந்து தடவைதான் எய்தேன், கார்பன் தண்டின் வாய் விரிசல் விட்டதும் நிறுத்திவிட்டேன். தண்டு ஏற்கெனவே பழுதாகவும் இருந்திருக்கலாம். எந்த முனையானாலும் கட்டையில் அடித்த கார்பன் அம்பை லேசாக வளைத்துப் பார்த்து, சத்தம் கேட்டால் ஒடித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும்போது கையிலேயே உடையலாம்.

சரி, ஜூடோ. ஸ்விக்கி என்ற அமெரிக்கக் கம்பெனி செய்வது, இப்போது அதே மாதிரி வேறு பலரும் செய்கிறார்கள். மழுங்கிய ஒரு சின்னத் தலை, அதற்குப் பின்னால் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் கம்பிகள், நண்டு கால் மாதிரி. தரையைத் தொட்டதும் அந்தக் கால்கள் கொடியையோ புல்லையோ பற்றிக்கொள்ளும், அம்பு ஊர்ந்து போகாமல் குப்புறப் புரண்டு மேலே கிடக்கும், பாதி நேரம் இறகு வானத்தைப் பார்க்க நிற்கும். நம் கடற்கரைக்கென்றே செய்த மாதிரி. அடப்பங்கொடியிலும் ராவணன் மீசைப் புல்லிலும் அது பிடிக்கிற பிடி அப்படி. வெறும் மணலிலும் கால் இடறிப் புரளும், கொஞ்சம் குறைவாக. மாற்றிய பிறகு ஆறு மாதத்தில் ஒரே ஒரு அம்புதான் போயிருக்கிறது, அதுவும் உப்பளக் கால்வாய்த் தண்ணீரில். ஒரு முனையின் விலை உறுத்தத்தான் செய்யும். ஆனால் இங்கே அம்பு விற்கும் கடை கிடையாது, ஒவ்வொன்றும் தபாலில் வரவேண்டும். தொலைந்த ஏழு அம்பின் காசை முனைகளின் காசோடு வைத்துப் பார்த்ததும் எனக்கு உறுத்தல் போய்விட்டது.

குறையும் உண்டு. சீமைக்கருவேல முள்ளில் மாட்டினால் எடுக்கும் கைக்கு ரத்தம் வரும். ஃபோம் இலக்கில் எய்யாதீர்கள், கால்கள் அதைப் பிய்த்தெடுத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை துரு. உப்புக்காற்றில் அந்த ஸ்பிரிங் இரண்டே வாரத்தில் சிவந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்ததும் பழந்துணியால் மணலைத் தட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். அதைவிட முக்கியம் மரை. முனை இரும்பு, இன்செர்ட் அலுமினியம், இடையில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். நாணுக்குப் பூசுகிற மெழுகையே மரையில் கொஞ்சம் தேய்த்துத் திருகினால் உப்பும் மணலும் ஏறாது, முனை தானாகக் கழன்று விழுவதும் குறையும். மாதம் ஒரு தடவை கழற்றி மறுபடி பூசுங்கள். இது சாதா முனைக்கும் பொருந்தும்.

தண்டுக்கும் சாதா முனைக்கும் நடுவில் கம்பிக்கால் வைத்த வாஷர் ஒன்றைச் செருகினால் ஜூடோ மாதிரியே வேலை செய்யும் என்றார்கள். வெல்டிங் பட்டறையில் மூன்று செய்து பார்த்தேன். ஒன்று நன்றாக இருக்கிறது, மற்ற இரண்டும் கோணலாகி அம்பு ஆட்டம் கண்டது. கைத்திறமை உள்ளவர்கள் முயலலாம்.

இப்போது என் தூணியில் நாலு ஜூடோ, ஒரு ரப்பர், அட்டைக்கென்று ஒரு சாதா முனை. ரப்பர் அக்கா மகனுக்காக. ஐப்பசி மழையில் மேட்டு மணல் கரைந்து, சித்திரையில் தொலைத்த அம்பு ஒன்று தானாக வெளியே வந்து கிடந்தது. தண்டு புத்தம் புதுசாக இருந்தது. முனையைக் கழற்றலாம் என்று இரண்டு இடுக்கி போட்டுத் திருகினேன், இன்றுவரை அசையவில்லை.